விடுவதற்கு ஒன்றுமில்லாதவள்

1

இந்தக் கதை எனக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து கிடைத்தது. இதைவிட உயர்வான இடத்திலிருந்து வந்ததாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் முதல் வரியிலேயே பொய் சொன்னால் அப்புறம் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும்.

ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கத் தட்டில், எலுமிச்சம்பழத்துக்கும் மோர்மிளகாய்ப் பாட்டிலுக்கும் நடுவே, ஒரு நீல டப்பா இருக்கிறது. உள்ளே இன்சுலின். அது கீழ்வீட்டுக் குழந்தை கனிஷ்காவுடையது. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு கோடையில் கரண்ட் ஏறி இறங்கியதில் செத்துப்போனது. அன்றிலிருந்து டப்பா எங்களிடம். காலையிலும் மாலையிலும் மாடியேறி வந்து, "மாமி, மருந்து" என்பாள். நான் சமையலில் இருந்தால் அவளே திறந்து எடுத்துக்கொள்வாள்.

என் பெயர் ஜயஸ்ரீ. ஸ்ரீபெரும்புதூரில் வங்கி வேலை. ஒழிந்த நேரத்தில் கதை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் மனை வாங்கிக் கட்டிய வீடு. மேலே நானும் மாமனார் தோத்தாத்ரியும். அவர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் இருப்பவர். (என் கணவர் வெளியூர் வேலையில் இருந்து மாதம் ஒருமுறை வருபவர். இந்தக் கதைக்குள் வரமாட்டார். அவரிடம் சொல்லிவிட்டேன்.)

கீழ்வீட்டில் மூன்று பேர். அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவி சந்திரலேகா கோவில்பட்டிப் பக்கம். சுங்குவார்சத்திரம் அருகே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடராக இருந்தவள். ஹாஸ்டலும் ரூமுமாக இருந்த காலத்தில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஒன்பது வயதுக் கனிஷ்கா இங்கேயே பிறந்தவள். அதனால் பெற்றவர்கள் "சொல்லுதேன், போறேன்" என்று பேசினால் இவள் "இன்னா, வூடு" என்பாள். ஒரே அறைக்குள் இரண்டு ஊர்த் தமிழ்.

ஏழு வயதில் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தார்கள். உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட வகை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்னும் ஊசி. பள்ளிக்கூடத்தில் மத்தியான ஊசியை யார் போடுவது? அந்தக் கேள்வி வந்த வாரமே சந்திரலேகா வேலையை விட்டாள். தினமும் பகலில் ஷேர் ஆட்டோவில் போய், பள்ளி வராந்தாவில் மகளை உட்கார வைத்து ஊசி போட்டு, ஒரே டப்பாவில் இருவரும் சாப்பிடுவார்கள். மகள் பாதி சாப்பிடும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சந்திரலேகா திரும்ப ஆட்டோவைப் பிடிப்பாள்.

அந்த மத்தியான நேரத்தை நான் இன்னும் நன்றாக எழுத வேண்டும். கதையில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியாது.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"தவக்காலம் என்பது உயிர்ப்புத் திருநாளுக்கு முன் கிறித்தவர்கள் கடைப்பிடிக்கும் நாற்பது நாள் நோன்பு. அந்நாட்களில் அவர்கள்" (பாடப்புத்தகம். நிறுத்தினேன்.)

"ஒரகடத்தின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன்" (இங்கே புகைபோக்கி ஏது? எல்லாம் வெள்ளைத் தகரக் கொட்டகை. பார்க்காததை எழுதுகிறேன்.)

பார்த்தது இது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் கனிஷ்கா மருந்துக்கு மேலே வந்தாள். நெற்றியில் சாம்பலால் ஒரு சிலுவை. ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார்.

"என்னடீம்மா நெத்தியில?"

"விபூதி தாத்தா. இன்னிக்கு விபூதிப் புதன்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சாதாரணமாக உச்சரிக்க மாட்டோம். நெற்றியில் திருமண் தவிர வேறொன்றை அறியாத வம்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"எதுக்கு இட்டா?"

"நீ மண்ணு, மண்ணுக்கே திரும்பிப் போவேன்னு சொல்லி வெச்சாங்க."

"யார்கிட்ட? உங்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும்தான். தூங்கிகினு இருந்த கைக்குழந்தைக்குக் கூட வெச்சாங்க."

மாமனார் டீவியை அணைத்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

இதைத் தொடக்கமாக வைக்கலாம். ஆனால் கதை அன்று தொடங்கவில்லை. அடுத்த ஞாயிறு தொடங்கியது.

3

[இந்தப் பகுதியில் நான் இல்லை. கனிஷ்கா சொன்னதையும், பிறகு டீச்சர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.]

இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னும் சொந்தமாகக் கோயில் இல்லை. டயர்க்கடைக்கு மேலே ஒரு கூடம். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கேயே பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. எடுப்பவர் பெர்னதெத் டீச்சர். மற்ற நாட்களில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. தவக்காலத்தில் ஆளுக்கு ஒரு ஒறுத்தல் எடுக்க வேண்டும் என்றார். பிடித்த ஒன்றை யேசுவுக்காக விட்டுவிடுவது. என்ன விடப்போகிறீர்கள்?

சாக்லேட் என்றது ஒரு பிள்ளை. பாக்கெட் சிப்ஸ். கார்ட்டூன். செல்போன் கேம். ஒரு பையன் எழுந்து வெண்டைக்காய் என்றான். கூடமே சிரித்தது. (வெண்டைக்காய்ப் பையன் என் கற்பனை இல்லை. நானாக இருந்தால் பாகற்காய் என்று எழுதியிருப்பேன்.)

கனிஷ்காவின் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"என்கிட்ட விடறதுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்."

டீச்சர் நல்ல மனுஷி. அந்தக் குழந்தையின் உடம்பைப் பற்றித் தெரிந்தவர். பிரியமாகத்தான் சொன்னார்: "ஆமாம்மா, நீ ஏற்கெனவே எவ்வளவோ விட்டுட்டே. உனக்கு வேண்டாம். நீ உக்காரு."

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். கனிஷ்கா உட்கார்ந்தாள்.

ஒரு குழந்தையை வரிசையிலிருந்து விலக்குவதற்குக் கோபம் வேண்டியதில்லை. பிரியமே போதும். இதை எழுதியபோது டீச்சரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், கதை வேகம் எடுத்தது. பிறகு அவரைப் பழையபடி நல்லவராக்கினேன். அப்போதுதான் அது நிஜமாக வலித்தது.

4

அன்று மாலை மருந்தை எடுத்துக்கொண்டும் போகாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"மாமி, நீங்க ஏகாதசிக்குச் சாப்பிட மாட்டீங்கல்ல? அது எப்படிக் கீது?"

"எப்படி இருக்கும்? பசிக்கும்."

"எனக்குப் பசிக்கவே வுட மாட்டாங்க மாமி. பசிக்குதுன்னு சொன்னா அம்மா மூஞ்சி மாறிடும்."

உண்மைதான். ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருந்தால் அவளுக்குச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். உயிருக்கே ஆபத்து. உலகத்தில் எல்லாருக்கும் கிடைக்கிற பசி அவளுக்குக் கிடையாது.

"அதான் ஸ்வீட்டெல்லாம் சாப்பிடறதில்லையே நீ. அதுவே விரதந்தானே?" என்றேன்.

தலையாட்டி மறுத்தாள். "ஸ்வீட்ட நான் வுடல மாமி. அதுதான் என்னை வுட்டுச்சு."

இந்த இடத்தில் வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்பது வயதுக் குழந்தை இப்படிப் பேசுமா, இது ஜயஸ்ரீ செதுக்கிய வசனம் என்று சொல்லலாம். நானும் சந்தேகப்பட்டேன். சந்திரலேகாவிடம் கேட்டேன். "அவ எப்பவுமே அப்படித்தான் மாமி பேசுவா. ஆஸ்பத்திரியில பெரியவங்க கூடயே இருந்து இருந்து அப்படி ஆயிட்டா" என்றாள். ஆக வாக்கியம் அவளுடையதே. சொல்லிவிட்டுக் கனிஷ்கா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

5

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருவில் சிலுவைப்பாதை நடக்கும். யேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு படமும் மெழுகுவத்தியும் வைத்து, நின்று முழந்தாளிட்டு ஜெபித்துப் போவார்கள். கிறித்தவ வீடுகள் போதாமல் எங்கள் கேட்டையும் கேட்டிருந்தார்கள். மாமனார், "வாசல்தானே, நின்னுட்டுப் போகட்டும்" என்று சொல்லியிருந்தார். பகல் ஷிப்ட் முடிந்தவர்கள் யூனிஃபார்மோடு சேர்ந்துகொள்வார்கள். அந்த வார வெள்ளிக்கிழமை பிள்ளைகள் முன்னால் நடந்தார்கள். அந்தோணிராஜும் இன்னொருவரும் மாறி மாறி மரச் சிலுவையைத் தூக்கி வந்தார்கள்.

எங்கள் கேட் பத்தாவது நிலை. யேசுவின் ஆடைகளைக் களைகிற இடம். (ஐந்தாவதாக இருந்தால் நன்றாயிருந்திருக்கும். வழியில் போன ஒருவர் சிலுவையைத் தாங்கிப் பிடிக்கிற நிலை அது. கதைக்குப் பொருத்தம். மாற்றலாமா என்று பேனாவைத் தூக்கினேன். வேண்டாம். பத்தாவதுதான்.)

நான் வங்கியிலிருந்து வந்து கேட்டுக்குள் நின்றிருந்தேன். எல்லாரும் முழந்தாளிட்டு எழுந்தார்கள். கனிஷ்கா எழுந்திருக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. உதடு நடுங்கிற்று. கண்ணில் நீர் நின்றது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி, "புள்ளைக்கு எவ்ளோ பக்தி பாரேன், உருகுது" என்றாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சந்திரலேகா வந்ததை நான் பார்க்கவில்லை. குரல்தான் கேட்டது.

"சீனி! சீனி கொண்டாங்க!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. இந்தப் பக்கம் சர்க்கரை என்போம். யாரோ, "சீனின்னு யாரு?" என்று கேட்டார்கள். நான் உள்ளே ஓடினேன். எனக்கு முன்னால் மாமனார் சர்க்கரை டப்பாவோடு வெளியே வந்துகொண்டிருந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து, ஒரு கை சர்க்கரையை அள்ளி, சந்திரலேகா பிடித்துத் திறந்த வாய்க்குள் கன்னத்தோரமாகத் திணித்தார். குழந்தை அவர் விரலைக் கடித்தாள். அவர் விரலை எடுக்கவில்லை.

"முழுங்கு. முழுங்குட்டி. என் ராசாத்தி, முழுங்கு" என்று கெஞ்சினாள் சந்திரலேகா.

தெருவே அசையாமல் நின்றது. அந்தோணிராஜ் சிலுவையைத் தோளிலிருந்து இறக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, கனிஷ்காவின் கண் ஒரு இடத்தில் நிலைத்தது. அம்மாவைப் பார்த்தாள்.

"ஸாரிம்மா" என்றாள்.

விஷயம் பிறகு தெரிந்தது. மத்தியானம் அம்மா ஆட்டோவுக்குக் கிளம்பியதும் கனிஷ்கா மீதிச் சோற்றைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். சாயங்கால பிஸ்கட்டையும் சாப்பிடவில்லை. பசி என்றால் என்ன என்று பார்க்க நினைத்தாள். அதை யேசுவுக்குக் கொடுக்க நினைத்தாள்.

6

அந்தோணிராஜ் அதிகம் பேசாத மனிதர். மறுநாள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். அவர்கள் கதவு திறந்திருந்தது. நான் மருந்து டப்பாவைக் கொடுக்க வந்து படியில் நின்றிருந்தேன்.

"யேசுசாமி உங்கிட்ட கேட்டாராக்கும் மக்ளே? ஒருசந்தி இரு, பட்டினி கெடன்னு கேட்டாரா? சொல்லு."

"எல்லார்கிட்டயும் கேக்குறாரு இல்ல? என்கிட்ட மட்டும் ஏன்பா கேக்க மாட்டாரு?"

அந்தோணிராஜ் மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

இங்கே ஒரு பாதிரியாரை வரவழைத்தேன். இரண்டு பக்கம் பேச வைத்தேன். மனத்தின் நோன்பே நோன்பு, அன்பே காணிக்கை என்றெல்லாம் மிக நன்றாகப் பேசினார். படித்துப் பார்த்தபோது அவர் என் குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஊசியும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை. மரியாதையாக அனுப்பிவைத்தேன். அந்த அறையில் அன்று யாரிடமும் பதில் இல்லை. அதை இல்லாததாகவே விடுகிறேன்.

சந்திரலேகா மட்டும் முடிவாகச் சொன்னாள்: "தவக்காலமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கோயிலுக்கு வா, சாமி கும்பிடு. விடுதேன் கிடுதேன்னு இனி பேச்சே கூடாது." அவள் பிறந்தது முருகனுக்கு மாலை போடுகிற வீடு. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு சாமிக்கும் பொதுவாக நடந்துகொள்கிறவள். ஆனால் அன்று எந்தச் சாமிக்கும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை.

7

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனை. அங்கே சசிரேகா என்று ஒரு நர்ஸ், கனிஷ்காவை முதல் நாளிலிருந்து பார்ப்பவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "இந்த வயசுல பசங்க தானே ஊசி போட்டுக்குதுங்களே, நீங்க ஏன் கத்துக்குடுக்கல?" என்றாராம்.

"நாந்தான் இருக்கேனே" என்றிருக்கிறாள் சந்திரலேகா.

அந்த நாட்களில்தான் இன்னொன்றும் நடந்தது. பழைய கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவள் போன் செய்தாள். புது லைன் தொடங்குகிறார்கள், பழக்கமான லீடர் தேவை, நீ வருகிறாயா. மாடிப்படியில் நின்று பேசினாள். எனக்குக் கேட்டது. "முடியாதுக்கா. மத்தியானம் புள்ளைக்கு யாரு போவா? அதெல்லாம் அம்புட்டுத்தான்." போனை வைத்தபின்னும் அங்கேயே நின்றாள். கம்பெனிப் பேருந்துகள் மெயின் ரோட்டில் வரிசையாகப் போவதைப் படியிலிருந்து பார்க்கலாம். பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கேட்டது கீழே கனிஷ்காவுக்கும் கேட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தலை காய வைத்து, சந்திரலேகா அவளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"ம்மா. கண்டுபுடிச்சிட்டேன்."

"என்னட்டி?"

"இன்னா வுடறதுன்னு."

சீப்பு நின்றது. "நான் என்ன சொன்னேன் உனக்கு?"

"சாப்பாடு இல்லம்மா. சாப்பாடு ஃபுல்லா சாப்பிடுவேன். வந்து... உன்னை வுட்டுடறேன்."

"என்னையவா? எங்க விடப்போற?"

"மத்தியானம். நீ ஸ்கூலுக்கு வராத. நானே போட்டுக்கிறேன். நர்ஸ் ஆண்ட்டி சொல்லித் தரேன்னு சொன்னாங்க." பிறகு சொன்னாள்: "என்கிட்ட கீறதுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது அதாம்மா. நீ வர்ற டைம்."

கையிலிருந்த ஈரத் துணியோடு நான் நின்றேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காலில் விழுந்தது.

[இந்தக் கதையை எழுதட்டுமா என்று சந்திரலேகாவிடம் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எழுதுங்க மாமி. என்னைய மட்டும் அழ வைக்காதீங்க." ஆகவே இந்த இடத்தில் சந்திரலேகா சீப்பைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான் எழுதுவேன்.]

மூன்றாவது நாள் சந்திரலேகா என்னிடம் வந்தாள்.

"இவளுக்குப் பால் மறக்கடிக்கணும்னு நான் வேப்பெண்ணெ தடவுனேன் மாமி. ரெண்டு நாள் கெடந்து கத்துனா. இப்ப அவ எனக்குத் தடவுதா."

பிறகு கேட்டாள்: "வீட்டுல சாத்துக்குடி இருக்கா? ஊசி குத்திப் பழகணுமாம்."

8

உயிர்ப்புத் திருநாளுக்கு ஒரு வாரம் முன் வரும் குருத்தோலை ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை முதல் நாள் என்று வைத்திருந்தார்கள். அதற்குள் சாத்துக்குடியில் குத்தி, பிறகு அம்மா பார்க்கத் தன் தொடையில் குத்தி, மருந்தை அளந்து எடுக்கப் பழகி, நர்ஸ் சசிரேகா சரி என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்து வகுப்பு டீச்சர் பக்கத்தில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அம்மா வரக்கூடாது என்பது ஒப்பந்தம். சந்திரலேகா மீறினாள், ஆனால் முழுக்க இல்லை. கேட்டுக்கு வெளியே, கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றாள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு நின்றேன். அங்கிருந்து வராந்தா தெரியும்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள். கனிஷ்கா ஒரு சின்னப் பையோடு வந்து, அவர்கள் இருவரும் வழக்கமாக உட்காரும் தூணோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். இதை அவள் யோசித்துச் செய்யவில்லை. உடம்புக்கு அந்தப் பழக்கம்.

விரலில் குத்தி மீட்டரில் பார்த்தாள். டீச்சரிடம் காட்டினாள். ஊசியில் மருந்தை ஏற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அதையும் காட்டினாள். டீச்சர் தலையசைத்தார். யூனிஃபார்மை விலக்கித் தொடையில் சதையைக் கிள்ளிப் பிடித்தாள்.

கை நின்றது.

சந்திரலேகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தியது. "போவட்டா மாமி? போயிரட்டா?" என்றாள். அவளுடைய ஒரு கால் ஏற்கெனவே முன்னால் இருந்தது. என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

வராந்தாவில் கனிஷ்காவின் உதடு அசைந்தது. ஜெபமா, எண்ணிக்கையா, தெரியாது. (பிறகு கேட்டேன். "அது உங்களுக்கு இல்ல மாமி" என்றாள்.) நிமிர்ந்து கேட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எங்கள் இருவரையும் கண்டிருப்பாள். கண்டிருந்தால் கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டிருந்தால் சந்திரலேகா போயிருப்பாள். அவள் குனிந்தபடியே இருந்தாள்.

குத்தினாள். மெதுவாக அழுத்தினாள். எடுத்தாள். பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். எலுமிச்சைச் சாதம். ஒரு பருக்கை மிச்சமில்லாமல், பக்கத்தில் விட்ட காலி இடத்தோடு, தனியாகச் சாப்பிட்டு முடித்தாள்.

தவம் செய்தவர்களின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒற்றைக் காலில் நின்றவர்கள், காற்றைக் குடித்தவர்கள், புற்று மூடியும் அசையாதவர்கள். மாமனார் சேவிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்டுக் கைகூப்பியிருக்கிறேன். ஆனால் மயிர்க்கூச்செறிவது என்று நம் பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களே, அது நிஜமாகவே உடம்பில் நடக்கிற ஒன்று என்று எனக்குத் தெரிந்தது கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றபோதுதான். அந்த மதியத்தை அவள் யாருக்குக் கொடுத்தாள்? யேசுவுக்கா, அம்மாவுக்கா? அவளுக்கு இரண்டும் வேறு வேறாக இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கரும்புச்சாறுக்காரர், "உள்ள போங்கம்மா, வெளிய நிக்காதீங்க" என்றார். நாங்கள் போகவில்லை.

9

இனி முடிவு. முடிவுதான் எனக்குத் தகராறு.

அந்த வாரத்துக்குள் சந்திரலேகா கம்பெனிக்கு போன் செய்துவிட்டாள். இடம் இருந்தது. பகல் ஷிப்ட். உயிர்ப்பு ஞாயிறு கழிந்து மறுநாள் சேர வேண்டும். அந்தோணிராஜ் அவளுடைய புது யூனிஃபார்மைத் துவைத்து, அவரே இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டினார்.

உயிர்ப்பு ஞாயிறு காலை. தெருவில் பிள்ளைகள் கும்பலாக நின்று சாக்லேட் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டுகள் பறந்தன. ஒரு பையன் செல்போனில் கேம் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான். தவக்காலம் முடிந்தது, விட்டதை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சந்திரலேகா தட்டில் பழங்களோடு மேலே வந்தாள், பின்னாலேயே கனிஷ்கா, புதுப் பாவாடை சட்டையில். தட்டை வாங்கிக்கொண்டேன். அவர்கள் இறங்கினார்கள். பாதிப் படியில் கனிஷ்கா நின்றாள்.

"ம்மா. தவக்காலம் முடிஞ்சிடுச்சில்ல?"

"முடிஞ்சுட்டு."

"வுட்டதெல்லாம் திரும்ப எடுத்துக்கலாமில்ல?"

"எடுத்துக்கலாம்."

"அப்ப உன்னை?"

சந்திரலேகாவின் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள், "நான் எங்கட்டி போனேன்" என்று மகளைக் கட்டிக்கொள்கிறாள். படிக்கச் சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றில் வேலைக்குப் போகவில்லை என்று முடிவெடுத்து, கொடியிலிருந்து யூனிஃபார்மை எடுத்து மடித்து வைக்கிறாள். இதைப் படித்த என் தோழி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி என்னோடு சண்டைக்கு வந்தாள். இருவரும் தங்கள் அம்மாக்களைப் பற்றித்தான் பேசினார்கள்.

மூன்றாவதில், பதில் வருவதற்குள் கனிஷ்காவே, "சும்மா கேட்டேன்" என்று சிரித்துவிட்டு ஓடிவிடுகிறாள். குழந்தைகள் அப்படிச் செய்வார்கள்தான். ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை. நின்றாள்.

நடந்தது என்னவென்றால், சந்திரலேகா பதில் சொன்னாள். நான் தட்டோடு மேல்படியில் நின்றிருந்தேன். முழுசாகக் கேட்டது. நாலைந்து வார்த்தைதான். கீழே கதவருகே நின்றிருந்த அந்தோணிராஜ் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கனிஷ்கா அம்மா சொன்னதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு தெருவுக்கு விளையாடப் போனாள்.

அதை நான் எழுதப்போவதில்லை. எனக்குச் சொன்ன பதில் இல்லை அது. எழுதினால் ஒரு நல்ல வசனமாகிவிடும், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கம்பெனிப் பேருந்து வந்தது, சந்திரலேகா ஏறினாள். கனிஷ்கா பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் தானே போட்டுக்கொண்டாள், சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. இதோ இன்றுவரை அப்படித்தான் போகிறது.

ஆனால் கதை இன்னும் படியிலேயே இருக்கிறது. நான் விலகிக்கொள்கிறேன், நீங்கள் வந்து நில்லுங்கள். நாளைக் காலை நீங்கள் வேலையில் சேர வேண்டும். இரண்டு படி கீழே உங்கள் மகள். கேட்டுவிட்டாள். அண்ணாந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அவசரமில்லை.

சொல்லுங்கள்.